டிகாக்‌ஷன் இறங்காத காலைகள்: உங்கள் ஃபில்டர் கதையைச் சொல்லுங்கள்

கிழக்குச்சன்னல்

பத்து நாளாகிறது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. அப்பா வந்திருந்தார். காலை 5 மணிக்கு எழுந்து அவரே ஃபில்டரில் காபிப் பொடி போட்டு, பொடியை அமுக்கும் குடையை அழுத்தி, வெந்நீர் ஊற்றி வைத்தார். 6 மணிக்குப் பார்த்தால் கீழ்ப் பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டிதான் இருந்தது. எங்கள் வீட்டில் அது வழக்கம். மூடியில் தட்டுவோம், குலுக்குவோம், கடைசியில் பொடியைத் திட்டுவோம். ஒரே வருடத்தில் மூன்று முறை பொடி மாற்றியிருக்கிறோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சக்கையைக் கொட்டி, மேல் பாத்திரத்தை அலசி, சன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தட்டைப் பார்த்தார். தட்டு முழுக்கக் கண்கள் இருக்கின்றன. ஒளி வந்தவை 11. அவர்தான் எண்ணினார்.

“தினமும் தேய்க்கிறாயா?”

“தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன் அப்பா.”

“எந்தப் பக்கம்?”

நான் வாயே திறக்கவில்லை. வெளிப்பக்கத்தை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக வைத்திருந்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் கேட்காமை இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

அறிவுரை வேண்டாம். கண்ணை எப்படித் திறப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

மயில்கழுத்து

நடந்திருக்கிறது. நான் நேரே அடுப்பில் காட்டிவிட்டேன். அடைத்த கண்ணைத் தீயில் சுட்டால் உள்ளே இருக்கும் தூள் கரியாகி உதிர்ந்துவிடும் என்று அம்மா செய்து பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் ஃபில்டர். மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சிறு தீயில் வைத்தேன். தொலைபேசி அடித்தது. அக்கா. அக்கா பேச ஆரம்பித்தால் உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது அடுப்பின் மேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. அடித்தட்டில் பொன், அதைச் சுற்றிச் செம்பு, ஓரத்தில் கருநீலம், வட்டம் வட்டமாக. பயந்துபோய் அணைத்தேன். ஆனால் அவ்வளவு அழகான பாத்திரம் எங்கள் சமையலறையில் அதற்கு முன் இருந்ததில்லை. நான்கு வருடமாகிறது, அந்த நிறம் போகவில்லை. டிகாக்‌ஷன் மட்டும் மழைபோல் இறங்குகிறது.

பழையபித்தளை

மேலே எழுதியவர் தயவுசெய்து இதைப் பரிந்துரைக்க வேண்டாம். உங்களுடையது எவர்சில்வர், தப்பித்தீர்கள். என்னுடையது பாட்டியின் பித்தளை ஃபில்டர், உட்புறம் ஈயம் பூசியது. நானும் யாரோ சொன்னதைக் கேட்டுத் தீயில் காட்டினேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. உள்ளேயிருந்து வெள்ளியாய் ஒரு முத்து உருண்டு வந்து, துளை வழியாக அடுப்புத் தட்டில் சொட்டி, அங்கே நடுங்கிக்கொண்டே நின்றது. பாதரசம் என்றுதான் முதலில் நினைத்தேன். பூச்சு உருகியிருக்கிறது. அறுபது வருடம் மூன்று தலைமுறைக்குக் காபி கொடுத்த பாத்திரம் அது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு கொதிநிலையை ஒட்டியே நிற்கும், அதனால் பூச்சுக்கு ஆபத்தில்லை. வெறும் பாத்திரத்தைத் தீயில் வைத்தால் 232 என்பது ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று: ஈயம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு உலோகத்தைக் குழப்பிக்கொள்கிறோம். காரீயம் நச்சு, அது பூச்சில் கலந்திருக்கக் கூடாது. ஆகவே மறுபடி பூசக் கொடுக்கும்போது சுத்தமான வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு போன பித்தளையில் டிகாக்‌ஷன் போட வேண்டாம். காபியில் அமிலம் உண்டு, செம்பும் துத்தநாகமும் அதில் இறங்கும். புளி போட்டுத் தேய்ப்பதானால் வெளிப்புறத்தோடு நிறுத்துங்கள். உட்புறத்தில் புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், முரட்டு நாரும் வேண்டாம். மெல்லிய பூச்சு தேய்ந்துவிடும். வெந்நீரும் மெல்லிய துணியும் போதும். ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். பித்தளை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள்.

மயில்கழுத்து

நான் பரிந்துரைக்கவே இல்லை ஐயா. என்ன நடந்தது என்றுதான் எழுதினேன். உங்கள் பாட்டியின் ஃபில்டருக்கு வருந்துகிறேன்.

நுரைபொங்கி

என் கதை சின்னது. சமையல் சோடாவைக் கொட்டி அதன் மேல் வினிகரை ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது பாருங்கள், மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கைதட்டினான். நுரை அடங்கிய பிறகு கழுவி வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கண்கூடக் கூடுதலாகத் திறக்கவில்லை. மகன் “இன்னொரு முறை” என்றான். இன்னொரு முறையும் செய்தோம். ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டுஅழுக்கு

காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. நீங்கள் பார்த்த நுரை கரியமிலவாயு. மிச்சம் உப்புத் தண்ணீர்தான்.

என் வீட்டில் நடந்தது: நண்பர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது மாதிரி வாசனை வருகிறது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாதி டம்ளரோடு போய்விட்டார்.

ஃபில்டரில் சேர்வது ஒரு அழுக்கு இல்லை, இரண்டு. இது புரியாமல் எதைத் தேய்த்தும் பயனில்லை. முதலாவது எண்ணெய். காபிக் கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. அது உலோகத்தில் மெல்லிய படலமாக ஒட்டி, காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கும். அந்த நண்பர் முகர்ந்தது இதைத்தான். இரண்டாவது உப்புப் படிவு. கடினநீரில் இருக்கும் சுண்ணாம்பு கண்களின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து துளையைக் குறுக்கிவிடும். மெல்லிய தூள் அதில் சிக்கிச் சிமெண்ட் பூசியதுபோல் ஆகிவிடும். எண்ணெய்க்குக் காரம் வேண்டும், சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். ஒன்றை முடித்து, நன்றாக அலசிவிட்டு, அப்புறம்தான் மற்றது.

நான் செய்வது: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, மேல் பாத்திரத்தையும் குடையையும் அதில் மூழ்கவைத்து 20 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுவேன். தண்ணீர் தேன் நிறமாகும். முதல் தடவை செய்பவர்களுக்குக் கறுப்பாகவே ஆகும், அதைப் பார்த்து மனம் உடையவேண்டாம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். கீழ்ப்புறமிருந்து, அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து, குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அலசுங்கள். தூள் வந்த வழியே திரும்பப் போகும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், அரை மணி நேரம். மறுபடி அலசல். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டின் இரண்டு பக்கமும் தேய்த்து முடியுங்கள். அப்புறம் ஒரு முறை வெறும் வெந்நீரை ஃபில்டரில் ஊற்றி இறக்கிக் கொட்டுங்கள். எனக்கு இது மாதம் ஒருமுறை. நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சக்கை காய்வதற்குள் கொட்டி அலசுவது. காய்ந்த சக்கைதான் எல்லா வம்புக்கும் தாய். அந்தச் சக்கையையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் தள்ளாதீர்கள், அது கரையாது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாயை அடைக்கும். குளோரின் வெளுப்பானை எவர்சில்வர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். அதை வினிகரோடு கலந்தால் நச்சுவாயு வரும், விளையாட்டில்லை. இரும்பு நாரும் வேண்டாம், அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருவாகும்.

கிழக்குச்சன்னல்

அறிவுரை வேண்டாம் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். இருந்தாலும் நன்றி.

அம்மாவின்அலுமினியம்

இரண்டுஅழுக்கு, ஒரு வருடத்துக்கு முன்னாலும் இங்கே இதே சலவைச் சோடாக் கதையை யாரோ எழுதியிருந்தார்கள். நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் படித்துவிட்டு அம்மாவின் அலுமினிய ஃபில்டரைக் கொதிக்க வைத்தேன். தண்ணீரிலிருந்து குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்தேன். எடுத்துப் பார்த்தால் பாத்திரம் சாம்பல் கறுப்பு. விரலால் தொட்டால் விரலிலும் அதே கறுப்பு. போனது அழுக்கில்லை, அலுமினியம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனேன். எனக்கு 46 வயது.

இரண்டுஅழுக்கு

அது நானில்லை. நான் சொல்வது எவர்சில்வருக்கு மட்டும். அலுமினியத்தைக் காரம் தின்னும் என்பது பள்ளிப் பாடம்.

அம்மாவின்அலுமினியம்

இப்போதும் நீங்கள் எந்த உலோகம் என்று எழுதவில்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

ஊசிக்காரன்

சண்டையை நிறுத்துங்கள், என்னுடையதைக் கேளுங்கள். நான் தையல் ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க. நல்ல தியானம். ஒரு கண் திறக்கும்போது மெல்லிய ‘டிக்’ கேட்கும், அந்த ருசியில் கொஞ்சம் அழுத்தியே குத்திவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் டிகாக்‌ஷன் பத்தே நிமிடத்தில் இறங்கியது. வீடு முழுக்கப் பெருமை பேசினேன்.

மூன்று வாரம் கழித்து, மனைவி காபியைக் குடித்துவிட்டுக் கடைசி இரண்டு வாயைத் துளசித் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தேன். கிட்டே போனால் தொட்டி மண்ணின் மேல் வண்டல்போல் கறுப்பாக ஒரு படலம். மூன்று வாரத்து மண்டி! துளைகள் பெரிதாகித் தூள் அப்படியே கீழே வந்திருக்கிறது. “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் உட்கார்ந்து குத்தினீர்களே” என்றாள்.

ஃபில்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது கொரகொரப்பாக அரைத்த பொடி வாங்குகிறோம். துளசி நன்றாக இருக்கிறது.

இரவுப்பணி

எனக்குக் கண் அடைக்கவில்லை, பாத்திரமே அடைத்துக்கொண்டது. சூட்டோடு மேலதைக் கீழதில் அழுத்தி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் இரண்டும் ஒரே உலோகமாகியிருந்தன. முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தேன். ‘டப்’ என்று வந்தது. டிகாக்‌ஷன் மேற்கூரையில் ஒட்டியது. வீட்டுச் சொந்தக்காரர் மூன்று முறை வந்து போயிருக்கிறார். மூன்று முறையும் மின்விசிறியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து அவர் மேலே பார்க்காதபடி பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது: கீழ்ப் பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி, மேலதில் குளிர்ந்த நீரை ஊற்றினால், வெளியே இருப்பது விரிந்து உள்ளே இருப்பது சுருங்கித் தானே கழன்றுவிடுமாம்.

கம்பிவலை

நான் கூம்பு வடிவக் கம்பிவலை ஃபில்டர்காரன். கண் ஒவ்வொன்றும் மயிரிழை, ஊசியே நுழையாது. என் கதை சுவாரசியமில்லை, விடுங்கள். ஆனால் ஒன்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு, அது கெட்ட கொழுப்பைக் கூட்டும். காகித ஃபில்டர் அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், உலோகம் விட்டுவிடும். எனவே கொழுப்பு அதிகமுள்ளவர்கள்

ஊசிக்காரன்

உங்கள் செய்தி பாதியில் நின்றுவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

சிக்கரிவிரோதி

கண், கண் என்கிறீர்கள். பாதிப் பேருக்கு அடைப்பது கண்ணே இல்லை, காபிப் பொடியில் கலக்கிற சிக்கரி. அது தண்ணீர் பட்டால் பிசுபிசுத்துப் பொடியையே களிமண்ணாக்கிவிடும். சன்னலண்ணா வருடத்துக்கு மூன்று முறை பொடி மாற்றியது தவறில்லை என்பது என் கட்சி. குடையையும் நாம் வஞ்சம் தீர்ப்பதுபோல் அழுத்துகிறோம். என் மாமியார் குடையைச் சும்மா வைப்பார், அழுத்தவே மாட்டார். எனக்கு வராத டிகாக்‌ஷன் அவருக்கு வரும். அதே ஃபில்டர், அதே பொடி. 18 வருடமாக நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

கிழக்குச்சன்னல்

உங்கள் கட்சியை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “சிக்கரியா சன்னலை மறைத்தது?” என்றார்.

கடைசியாக ஒன்று. நேற்று சோடா, அலசல், சிட்ரிக் அமிலம் எல்லாம் முடித்து (எவர்சில்வர்தான், முதலில் காந்தம் வைத்தெல்லாம் பார்த்துக்கொண்டேன், அது ஒட்டாதது கண்டு குழம்பி, மனைவியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்) மேல் பாத்திரத்தை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன். சுவரில் கைப்பிடி அளவுக்கு ஒளிப்புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. எண்ண முடியவில்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு அதே படம் திரும்பி வந்தது. அதை அவர் பெரிதாக்கி, இடது ஓரத்தில் சிவப்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் இருட்டாக நான்கு கண்கள்.