மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் தீரவில்லை

கேள்வி:
வாங்கி இரண்டு மாதமான பழைய கார், பெட்ரோல் என்ஜின், 45 ஆம்பியர்-அவர் பேட்டரி. தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை. மூன்று நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக்’ சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி புதிதாக மாற்றியும் அப்படியேதான். என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 14.3 வோல்ட். முன்பு வைத்திருந்தவர் வெளியில் மியூசிக் சிஸ்டம் போட்டிருக்கிறார். மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
14.3 இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. புது பேட்டரியும் இறங்குவதால், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் இழுக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒருமுறை அடியோடு இறங்கிய பேட்டரியை நம்பி எதையும் அளக்காதீர்கள். முதலில் சார்ஜரில் 4 ஆம்பியரில் முழுதாக ஏற்றுங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இரண்டு இரவு விடுங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது, குற்றவாளி வண்டிக்குள் இருக்கிறது. அதுவே 12.2-க்கு வந்துவிட்டால் பாதி காலி என்று பொருள். பேட்டரியையே மாற்றக் கேளுங்கள்.

கேட்டவர்:
இரண்டு இரவுக்குப் பிறகும் 12.62. பேட்டரி தப்பித்தது.

பதில் 2:
அடுத்து கரண்டை அளக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், அதனால் வரிசையைக் கவனியுங்கள்.

பானெட்டைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்துக் கதவுக்கும் அதே வேலை. இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பதாக நினைத்து வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்காது. முடித்ததும் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். நெகட்டிவ் போஸ்டுக்கும் கேபிள் கிளாம்புக்கும் நடுவே மீட்டர் வர வேண்டும். கிளாம்பைக் கழற்றும் முன் இரண்டையும் ஒரு கிளிப் வயரால் இணைத்துவிடுங்கள். மீட்டரை மாட்டியபின் அந்த வயரை எடுத்தால் இணைப்பு ஒரு நொடியும் அறுபடாது, கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொள்ளாது. மீட்டர் நடுவில் இருக்கும்போது இக்னிஷன் போடவே கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். அளந்து முடித்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஒரு மணி நேரம் காத்திருந்து பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு.

கேட்டவர்:
மாட்டியதும் 3.1. இருபது நிமிடத்தில் 0.42-க்கு இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்தும் 0.42-தான்.

பதில் 2:
கணக்கு பொருந்துகிறது. 0.42-ஐ 24 மணியால் பெருக்கினால் நாளுக்கு 10 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் 30 போய்விடும், 45-இல் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கொண்டு செல்ஃப் சுற்றாது.

இனி எந்த சர்க்யூட் என்று தேட வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கிச் செருகினால் ஏதாவது ஒரு யூனிட் விழித்துக்கொண்டு அளவையே குழப்பும். கிளிப் வயரைத் திரும்ப மாட்டி மீட்டரை விடுவியுங்கள். அதை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் 0 காட்டும். 10 ஆம்பியர் சின்ன ஃபியூஸின் தடை சுமார் 7.5 மில்லிஓம் என்பதால், 0.42 முழுவதும் அதன் வழியே போனால் 3 மில்லிவோல்ட் தெரியும். பெரிய ஃபியூஸில் தடை குறைவு, அதனால் இன்னும் சின்ன எண்தான் வரும். டிக்கி விளக்கு, டேஷ்போர்டு பெட்டி விளக்கு, ஸ்டீரியோ ஆகியவற்றின் ஃபியூஸ்களை முதலில் பாருங்கள்.

கேட்டவர்:
உள்ளே, பானெட்டுக்குள் இரண்டு பெட்டியும் பார்த்துவிட்டேன். இரண்டு ஃபியூஸில் 0.1 மட்டும், மற்றதெல்லாம் 0. ஸ்டீரியோ ஃபியூஸும் 0.

பதில் 3:
நல்ல தடயம். அப்படியானால் அந்த 0.42 ஃபியூஸ் பெட்டிகளுக்குள் வராமலேயே போகிறது. மிச்சம் இரண்டு வழிதான். ஒன்று, ஆல்டர்நேட்டர்: உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசிந்தால் சார்ஜ் ஓரளவு சரியாகக் காட்டிக்கொண்டே இரவில் கரண்ட் பின்னோக்கி ஓடும். இன்னொன்று, பேட்டரி பாசிட்டிவில் யாரோ நேரடியாக மாட்டிய வயர்.

பாசிட்டிவ் கிளாம்பை முதலில் பாருங்கள். கம்பெனி கேபிளோடு சேராத தனி வயர் இருந்தால் அதைப் பின்தொடருங்கள். இல்லாவிட்டால் நெகட்டிவைக் கழற்றிய பின், ஆல்டர்நேட்டரின் தடித்த வயரை எடுத்து டேப் சுற்றி மறுபடி அளக்கலாம். அந்த வயரில் எப்போதும் 12 வோல்ட் உண்டு, நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது அங்கே ஸ்பேனர் வைக்கக் கூடாது.

கேட்டவர்:
பாசிட்டிவில் ஒரு தனிச் சிவப்பு வயர் இருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அங்கே கண்ணாடி ஃபியூஸ் 20 ஆம்பியர். அதைக் கழற்றியதும் மீட்டர் 0.03.

பதில் 3:
கிடைத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனது என்று உடனே தூக்கி எறியாதீர்கள். அதில் ரிமோட் என்று ஒரு சின்ன டெர்மினல் இருக்கும். அதற்கு 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும்வரை ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, ஸ்டீரியோவை அணைத்து, அந்த டெர்மினலை எர்த்தோடு (வண்டியின் பாடி) அளந்து பாருங்கள். 0 வர வேண்டும்.

கேட்டவர்:
12.5 வருகிறது. ரிமோட்டையும் மெயின் சிவப்பு வயரையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

பதில் 3:
அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். ஸ்டீரியோ பின்னாலிருந்து வரும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரை ரிமோட்டுக்கு இழுங்கள். ஸ்டீரியோ ஓடும்போது மட்டுமே அதில் 12 வோல்ட் இருக்கும்.

பதில் 1:
இன்னொரு வேலையை விட்டுவிடாதீர்கள். அந்த 20 ஆம்பியர் ஃபியூஸ் சீட்டுக்கு அடியில் இருப்பது தவறு. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. வழியில் எங்காவது தகரத்தில் உரசினால் வயர் பற்றிக்கொள்ளும். ஃபியூஸ் ஹோல்டரை பேட்டரியிலிருந்து 30 செ.மீ.க்குள் மாற்றி வையுங்கள். தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் செய்தாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து 0.03. நான்கு நாள் எடுக்காமல் நிறுத்திவைத்துப் பார்த்தேன்: 12.55 வோல்ட், முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்.