பொத்தானில் 'உண்மை' என்று எழுதலாமா?

மண்டபத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். திரையில் ஒரு வாக்கியம் வரும், கீழே இரண்டு பொத்தான்கள். இப்போதைக்கு 'உண்மை', 'கருத்து' என்று போட்டிருக்கிறோம்.

'விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்' என்றால் உண்மையை அழுத்துகிறார்கள். '61 நாள் ரொம்ப அதிகம்' என்றால் கருத்து. இதுவரை சரி. அடுத்து 'கடல்பசு ஒரு மீன்' என்று வந்தது. கடல்பசு பாலூட்டி என்று இந்தக் கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் உண்மையை அழுத்தவில்லை. மிச்சமிருப்பது ஒரே பொத்தான், அதை அழுத்திவிட்டார்கள். ஒரு பையன் எழுந்து கேட்டான்: "அப்ப கருத்துன்னா பொய்யா டீச்சர்?"

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்ததற்கு நேர்மாறானதைப் பொத்தான் சொல்லிக்கொடுத்துவிட்டது. 'கடல்பசு ஒரு மீன்' என்பது தவறு. ஆனால் அது யாருடைய கருத்தும் இல்லை. மெய்யோ பொய்யோ, போய்ப் பார்த்து முடிவு செய்துவிடக்கூடிய வாக்கியம். அந்த வகை வாக்கியத்துக்குத் தமிழில் என்ன பெயர்? பொத்தானில் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

தொண்டியிலிருந்து

அம்மா, நல்ல கேள்வி. முதலில் 'உண்மை'யைப் பார்ப்போம். வெள் + மை வெண்மை ஆனதுபோல உள் + மை உண்மை. அதாவது உள்ளதாய் இருக்கும் தன்மை. அதற்கு எதிர்ச்சொல் இன்மை. உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை என்று மேடையில் மூன்றாகப் பிரிப்பார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் உண்மைக்கு வேர் உள்ளம் இல்லை. 'உள்ளது' என்ற சொல்லே வேர். எனவே இல்லாத ஒன்றைச் சொல்லும் வாக்கியத்தை 'உண்மை'ப் பொத்தானில் அடைக்க மொழி இடம்கொடுக்காது. பிள்ளைகள் மொழியறிவோடுதான் அழுத்தியிருக்கிறார்கள்.

'கருத்து' என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. நம் அளவை நூல்களில், அதாவது தர்க்க நூல்களில், காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகள். அதில் கருதல் என்பது புகையைக் கண்டு தீயை அறிவது. அறிவுக்கு ஒரு வழி. அந்த வேரில் பிறந்த சொல்லை இன்று 'எனக்குப் பிடிக்கும், பிடிக்காது' என்பதற்கு வைத்துவிட்டோம். என் பரிந்துரை: மெய்ம்மை × விருப்புரை.

கீழக்கரையிலிருந்து

ஐயா, உங்களிடம் படித்தவன் மாதிரிதான் நான். ஆனாலும் சொல்கிறேன், 'மெய்ம்மை'யிலும் அதே மெய்தான் உட்கார்ந்திருக்கிறது. கடல்பசு மீனென்ற வாக்கியத்துக்கு மெய்ம்மை என்று பேர் வைத்தால் அந்தப் பையன் மறுபடியும் எழுந்து நிற்பான்.

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளது இல்லை. 2018-இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் பெரியவர்களிடமே பத்து வாக்கியங்களைக் கொடுத்துக் கேட்டது. சான்றால் நிறுவவோ மறுக்கவோ கூடியவை ஐந்து, கருத்து ஐந்து. முதல் ஐந்தையும் சரியாக இனம்கண்டவர்கள் 26 சதவீதம், கருத்து ஐந்தையும் சரியாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். 'நிறுவவோ மறுக்கவோ' என்ற இடத்தைக் கவனியுங்கள். டீச்சர் கேட்பதும் அதைத்தான்.

எங்கள் தெருவில் 'நெசமா?' என்றுதான் கேட்போம். பெயர்ச்சொல்லே வேண்டாம், வினையாகப் போடுங்கள்: 'சரிபார்க்கலாம்'. யாருக்கும் அகராதி வேண்டாம்.

தொண்டியிலிருந்து

தம்பி, பொத்தானுக்கு அது போதும். வகுப்பில் டீச்சர் 'இது ஒரு சரிபார்க்கலாம்' என்று சொல்ல முடியுமா? பாடத்துக்குப் பெயர் வேண்டும். மெய்ம்மையை விட்டுவிடுகிறேன். வினைத்தொகையாகச் செய்வோம்: ஆய்கூற்று. காலம் கரந்த பெயரெச்சம் அல்லவா? ஆய்ந்த கூற்று, ஆய்கின்ற கூற்று, ஆயும் கூற்று, மூன்றும் உள்ளே இருக்கின்றன. இன்னும் ஆய்ந்து முடிக்காத வாக்கியத்துக்கும் பொருந்தும். இடையில் ஒற்று மிகாது, 'ஆய்க்கூற்று' என்று அச்சிட்டுவிடாதீர்கள். முதலில் 'தேர்கூற்று' என்று நினைத்தேன், பிள்ளைகள் வடம் பிடிக்கும் தேரை நினைப்பார்கள் என்று விட்டேன்.

பரமக்குடியிலிருந்து

கூற்று என்றால் எமன். அப்பர் தேவாரத்தின் முதல் சொல்லே அதுதான். பிள்ளைகள் படிக்கும் செயலியில் வேண்டுமா? 'ஆயுரை' என்று வையுங்கள்.

தொண்டியிலிருந்து

'கூற்றும் காரணமும்' என்று வினாத்தாளில் எத்தனை ஆண்டாக எழுதுகிறார்கள்? எந்தப் பிள்ளையும் எமனைக் கண்டு பயப்படவில்லை. ஆயுரையைச் சேர்த்துப் படித்தால் ஆயுளும் உரையும் கலந்ததுபோல் ஒலிக்கிறது.

பாம்பனிலிருந்து

டீச்சர், நான் தமிழ் படித்தவனில்லை, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, வானத்தைப் பார்த்து 'நாளைக்குக் கச்சான் காற்று பலக்கும்' என்று என் அப்பா சொல்வது எந்தப் பொத்தான்? விருப்பு வெறுப்பு அதில் இல்லை. இப்போது சரிபார்க்கவும் முடியாது, நாளைக்கு முடியும். ஐயா சொன்ன புகையும் தீயும் இதுதான் என்று நினைக்கிறேன். அதைக் 'கருத்து' என்று தள்ளிவிட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பன் சொல்லை மதிக்காமல் போய்விடுவார்கள்.

இரண்டாவது, புயல் நேரம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் எங்களுக்கு அது வாட்ஸப்பில்தான் வருகிறது. முதலில் ஒருவர் 'கூண்டு ஏத்திட்டாங்களாம்' என்று குரலில் சொல்கிறார். அடுத்தவர் எழுதும்போது 'கூண்டு ஏற்றப்பட்டது' என்று ஆகிவிடுகிறது. அந்த 'ஆம்' எங்கே போனது? கேட்டதைச் சொல்கிறேன், பார்க்கவில்லை என்று இரண்டே எழுத்தில் சொல்ல நம் பேச்சில் வழி இருக்கிறது. ஃபார்வர்டு ஆகும்போது முதலில் கழன்று விழுவது அதுதான். செயலியில் அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். வாக்கியம் வந்ததும் 'ஆம் போட்டுப் பார்' என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

தொண்டியிலிருந்து

தம்பி, தொல்காப்பியர் பல நூற்பாக்களை 'என்ப', 'என்மனார் புலவர்' என்று முடிக்கிறாரே, அதுவும் இதே பண்புதான். தான் சொல்வது எது, முன்னோர் சொன்னது எது என்று பிரித்துக் காட்டுகிறார். நாற்பது ஆண்டு அதை நடத்தியிருக்கிறேன், வாட்ஸப்போடு சேர்த்துப் பார்த்ததில்லை. இந்தப் பொத்தானுக்கு என் முழு ஆதரவு.

கீழக்கரையிலிருந்து

அருமை தம்பி. ஆனால் திரையில் தனியாக 'ஆம்' என்று இருந்தால் 'ஆம், இல்லை'யில் வரும் ஆம் என்று படித்துவிடுவார்கள். '…தாம்' என்று புள்ளி வைத்துப் போடலாம்.

பரமக்குடியிலிருந்து

விகுதியைப் பாதியாக வெட்டிப் பொத்தானில் வைப்பதா? எனக்கு உடன்பாடில்லை. 'கேள்விச் செய்தி' என்று முழுச் சொல்லாக வையுங்கள்.

பாம்பனிலிருந்து

கேள்விச் செய்தி என்றால் எங்கள் பிள்ளைகள் வினாத்தாள் என்று நினைப்பார்கள் ஐயா.

மண்டபத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும், அதனால் இப்படி வைக்கிறேன். பொத்தானில் 'சரிபார்க்கலாம்', 'கருத்து', '…தாம்'. ஆசிரியர் கையேட்டில் முதல் வகைக்கு 'ஆய்கூற்று', ஒற்று இல்லாமல். என்னையும் சேர்த்து நான்கு பேருக்கு இது சரி, பரமக்குடி ஐயா மட்டும் மறுத்திருக்கிறார். அவருடைய 'ஆயுரை'யைக் கையேட்டில் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன்.

கச்சான் வாக்கியத்துக்கு இன்னும் பொத்தான் இல்லை. அதை நீக்கிவிடலாம் என்று செயலி செய்பவர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதைக்குப் பொத்தான் இல்லாமலே திரையில் வரும், பிள்ளைகள் பேசட்டும்.

பரமக்குடியிலிருந்து

அடைப்புக்குறிக்குள் வேண்டாம் அம்மா. வைத்தால் வெளியே வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கச்சானுக்கு 'முன்னுரைப்பு' பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், காலையில் எழுதுகிறேன்.