அயர்லாந்து: மறைக்கல்விச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆசிரியர் வேலை கிடைக்காதா?

டப்ளின்வாசி:
என் அண்ணன் மகள் இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். கத்தோலிக்க மறைக்கல்வி, அதாவது பிள்ளைகளுக்கு மதபோதனை செய்யும் பயிற்சி, கல்லூரியில் விருப்பப் பாடம்தான். ஆனால் நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கின்றன. வேலை விளம்பரங்களில் அந்தப் பாடத்தின் சான்றிதழைக் கேட்கிறார்கள். சம்பளம் தருவதோ அரசாங்கம். இதற்குப் பேர் விருப்பமா?

லிமரிக் டீச்சர்:
அண்ணா, வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பில் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு), ஆறாம் வகுப்பில் உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு). பிள்ளைகளைத் தயார் செய்வதில் பெரும்பங்கு வகுப்பாசிரியருக்குத்தான். “ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன பாப்பா மோட்சத்துக்குப் போகுமா?” என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும். பயிற்சி இல்லாதவர் ஒன்று பயமுறுத்துவார், இல்லை பேச்சை மாற்றுவார். இரண்டுமே அந்தப் பிள்ளையை வதைக்கும். படைப்புக் கதையை அறிவியல் பாடம்போல் நடத்தக் கூடாது, துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் செபத்தைத் திணிக்கக் கூடாது. இதெல்லாம் தானாக வராது, சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கார்க் செல்வன்:
டீச்சர், நல்ல பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களையும் அதற்குள் தள்ளுவதுதான் தப்பு. 2016 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 79 சதவீதம், 2022இல் 69. இருபது வயது மாணவர்களில் பலருக்குக் கோயில் பழக்கமே இல்லை. வேலைக்காகப் படித்து, தாங்கள் நம்பாத செபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாதா? அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவு, மதபோதனையிலிருந்து விலகி நிற்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருகிறது. விலகும் பிள்ளையோ பல பள்ளிகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறது. ஆசிரியருக்கு அந்தப் பின் பெஞ்ச்கூட இல்லை. தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை பங்கிலேயே (ஊர்ச் சர்ச்சிலேயே) மறைக்கல்வி நடத்துகிறோமே, இங்கேயும் அப்படி வைத்தால் என்ன?

லிமரிக் டீச்சர்:
தூத்துக்குடியில் ஞாயிறு பூசைக்கு வருகிற கூட்டம் இங்கே இல்லை, தம்பி. பல வீடுகளில் செபம் என்பதே பள்ளியில் கேட்பதுதான். புதுநன்மையைப் பங்குக்கு மாற்றினாலும் வாராந்திரப் பாடம் மிச்சம் இருக்கும். 1999 பாடத்திட்டம் அதற்கு வாரம் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியது. அதை யார் நடத்துவது?

டப்ளின்வாசி:
விரும்புகிறவர்கள் நடத்தட்டும். வேதாகமம், பிற சமயங்கள் பற்றிய அறிவு எல்லாப் பயிற்சி மாணவருக்கும் வேண்டும். செபத்துக்கும் புதுநன்மைக்கும் தயார் செய்யும் பாடத்தை மனமுள்ளவர்கள் மட்டும் எடுக்கட்டும். மற்றவர்கள் அந்த அரை மணிக்கு வகுப்பை மாற்றிக்கொள்ளலாம்.

லிமரிக் டீச்சர்:
பெரிய பள்ளியில் சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டே ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளியில் யாரோடு மாற்றுவது?

கார்க் செல்வன்:
அங்கே பங்கிலிருந்து ஒருவர் வரட்டும். அவருக்குப் பயிற்சி கொடுக்கிற செலவும் பொறுப்பும் மறைமாவட்டத்தோடது (ஆயரின் நிர்வாகத்தோடது). வேலை தேடி வரும் பிள்ளையின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.