ஈயப் பொம்மை ரெசின் பீடத்துல நிக்க மாட்டேங்குது, எந்தப் பசை வாங்கலாம்?

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட்)
வணக்கம். 54 மில்லிமீட்டர் ஈய உலோகப் பொம்மை ஒண்ணு. ரப்பர் பால் வெட்டி முடிச்சு, காண்டாவுல (தோள்ல வச்சுச் சுமக்கிற கம்பு) ரெண்டு வாளியும் தொங்க ஸ்டோருக்கு நடந்து போற அம்மா. பெயிண்ட், மேட் வார்னிஷ் எல்லாம் முடிஞ்சாச்சு. பீடம் நானே சிலிக்கோன் அச்சுல எபாக்ஸி ரெசின் ஊத்தி எடுத்தது. மேல செம்மண், சருகு, ஓரத்துல ஒரு கித்தா (ரப்பர்) மரத்துண்டு. பட்டை கலருக்கு கோலகங்சார்ல 1877ல நட்டதுல இன்னும் நிக்கிற அந்த மரத்தைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

சூப்பர் குளூ போட்டா ராத்திரி பூரா நிக்குது. காலையில வாளியை லேசாத் தொட்டா கையோட வந்துடுது. பசை பீடத்துலயேதான் இருக்கு, அதுமேல சப்பாத்து கலர் அச்சடிச்ச மாதிரி ஒட்டியிருக்கு. காலைச் சுத்தி சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா வேற இருக்கு. பழைய தோட்டத்து ஆளுங்க ஒன்றுகூடல் வருது, மேசையில வைக்கணும். பிள்ளைங்க தொடாம இருக்காதுங்க. வேற நல்ல பசை எது?

கிள்ளான் கப்பல்காரர்
பிளாஸ்டிக் மாடல் சிமெண்ட் வாங்கிப் போடுங்க தம்பி. என் கப்பல் எல்லாம் அதுலதான் நிக்குது.

தைப்பிங் தூரிகை
அண்ணே, உங்க கப்பலுக்குச் சரி, இதுக்கு ஆகாது. அந்த சிமெண்ட் பாலிஸ்டைரீனைக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்க்கிறது. உலோகத்துலயும் எபாக்ஸியிலயும் அது கரைக்க எதுவுமே இல்லை.

தம்பி, நோய் என்னன்னு நீங்களே எழுதிட்டீங்க. சப்பாத்து கலர் பசைமேல இருக்குன்னா பசை விடலை, பெயிண்ட்தான் உலோகத்தை விட்டுடுச்சு. இன்னும் விலை கூடின பசை வாங்கினாலும் அதே இடத்துலதான் பிய்யும். உள்ளங்காலை மட்டும் கத்தியால சுரண்டி, உலோகம் பளபளன்னு தெரியிற வரைக்கும் கொண்டு வாங்க. பக்கவாட்டு கலரைத் தொட வேண்டாம்.

பீடத்துலயும் இதே கதைதான். செம்மண்மேல ஒட்டினா மண்ணோட சேர்ந்து பேர்ந்து வரும். கால் வைக்கிற இடத்துல மட்டும் மண்ணை எடுத்துட்டு, ரெசினை உப்புத்தாளால தேய்ச்சு விடுங்க. அச்சுக்கு ஏதாவது எண்ணெய், ஸ்பிரே அடிச்சிருந்தா அந்த இடத்தைப் பாத்திரம் கழுவுற சோப்பு தொட்ட துணியால துடைச்சு நல்லா காய விடுங்க.

அப்படியும் வெறும் பசையை நான் நம்ப மாட்டேன். வாளி ரெண்டும் உடம்பை விட்டுத் தள்ளித் தொங்குது, அங்க தொட்டா கணுக்காலுக்கு நெம்புகோல் போட்ட மாதிரி. சூப்பர் குளூ நேரா இழுத்தா தாங்கும், பக்கத்துல நெம்பினா பட்டுனு விட்டுடும். கம்பி குத்தித்தான் ஆகணும். கைத்துளைப்பான்ல 1 மில்லிமீட்டர் பிட் போட்டு, குதிகால்லேருந்து காலுக்குள்ள நேரா 5 மில்லிமீட்டர் போங்க. இந்த உலோகம் மெதுசு, பிட்டைக் கவ்விப் பிடிக்கும். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெளிய இழுத்து தூளைத் தட்டுங்க, பிட்ல கொஞ்சம் மெழுகு தடவிக்குங்க. அவசரப்பட்டா பிட் உள்ள உடைஞ்சு, அதை எடுக்கிறதுக்குள்ள உசுரு போயிடும்.

கம்பியை ஒட்டி நுனியில ஈரப் பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு, பொம்மையைப் பீடத்துல நிக்க வச்சுப் பாருங்க. புள்ளி விழுந்த இடத்துல துளை. அந்தத் துளை கம்பியை விடக் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அப்பதான் நிக்கிற சாய்வைத் திருத்தலாம். ரெசின் தூளை மூச்சுல இழுக்காதீங்க, முகக்கவசம் போட்டு, தண்ணி தொட்டுத் தேய்ங்க.

இரும்புக்கடைப் பையன்
அண்ணே, நம்ம ஊர்லயே கிடைக்கும், ஈப்போ வரைக்கும் போக வேண்டாம். ரெண்டு டியூபா வர்ற எபாக்ஸி பசை கேளுங்க. அஞ்சு நிமிஷத்துல இறுகுறது வேண்டாம், மெதுவா இறுகுறதை எடுங்க. பழைய ஓட்டுத் துண்டுமேல சரிபாதி பிழிஞ்சு, கோடு தெரியாத அளவுக்குக் கலக்கணும். ஒரு பக்கம் கூடினாலும் பிசுபிசுன்னே இருக்கும். கம்பிக்கு பித்தளை கேளுங்க. பேப்பர் கிளிப்பும் போடலாம், ஆனா இந்த ஊர் ஈரத்துக்கு துரு ஏறிடும்.

தோட்டத்துப்பையன்
ரொம்ப நன்றிக்கா. அந்த வெள்ளைப் பூப்புக்கு அசிட்டோன் போட்டுத் துடைக்கலாமா?

தைப்பிங் தூரிகை
ஐயோ, அசிட்டோனைக் கிட்டயே கொண்டு வராதீங்க, பெயிண்டும் சேர்ந்து போயிடும். சூப்பர் குளூவை இறுக வைக்கிறதே காத்துல இருக்கிற ஈரம். நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? பசையைக் கூட வச்சு, ஜன்னலையும் சாத்தி வச்சா அதோட ஆவி பக்கத்துலயே படிஞ்சு வெள்ளையாகும். பளபள வார்னிஷ் மெல்லிசா ஒரு தடவை பூசினா பெரும்பாலும் மறைஞ்சிடும், காய்ஞ்சதும் மேல மேட் பூசிக்குங்க. பீடத்துல இருக்கிற பழைய பசையைக் கத்தியால சீவி எடுங்க, போதும்.

கிள்ளான் கப்பல்காரர்
சிமெண்ட் விஷயம் புரிஞ்சுதும்மா. நான் ஒண்ணு சொல்றேன், ஒன்றுகூடலுக்குக் கொண்டு போறப்ப வெயில்ல நிறுத்தின காருக்குள்ள வச்சிடாதீங்க. சூட்டுல எபாக்ஸியும் இளகும்.

தோட்டத்துப்பையன்
இடது கால் துளைச்சாச்சு. வலது காலைத் தூக்கி நடக்கிறாங்க, முன்விரல் மட்டும்தான் தரையில படுது, துளைக்கத் தடிப்பு இல்லை. ஒரு கம்பி போதுமா?

தைப்பிங் தூரிகை
தாங்கும், ஆனா ஒத்தைக் கம்பின்னா பொம்மை அதுமேலயே சுத்தப் பார்க்கும். முன்விரலுக்கு அடியில கலரைச் சுரண்டிட்டு ஒரு துளி எபாக்ஸி வைங்க, சுத்தாது. ரெண்டு பக்கமும் புத்தகம் அணைச்சு வச்சு ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க. அப்புறம் காண்டா தோள்ல உட்கார்ற இடத்தையும் வாளிப் பிடியையும் அசைச்சுப் பாருங்க. கால் இறுகிட்டா, பிள்ளைங்க கையில அடுத்து கழலப்போறது அதுதான்.