புது கார் எடுக்கும்போது ஷோரூமில் உங்களுக்கு என்ன நடந்தது?

தாம்பரம் வாசி

வண்டி எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மனசு இன்னும் ஆறவில்லை. 2024 ஜனவரி. "பிரெஷ் ஸ்டாக் சார், இப்பத்தான் பிளாண்ட்ல இருந்து இறங்குச்சு" என்று சொல்லித்தான் புக்கிங் பணம் வாங்கினார்கள். லோன் சாங்ஷன் ஆனதும் சேசிஸ் நம்பர் கேட்டேன், வண்டி எந்த வருடம் தயாரானது என்று அதில் தெரியும். பில்லிங்கில் இருக்கிறது, சிஸ்டம் டவுன் என்று இழுத்தடித்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். கடைசிச் சில எண்கள் மட்டும்தான் தெரிந்தன. மீதியை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது.

மிக்ஜாம் வெள்ளம் வடிந்து அதிக நாள் ஆகவில்லை. டீலர் வண்டிகளை நிறுத்தும் யார்டில் தண்ணீர் நின்றதா என்று பார்த்துவிடலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா லாரி ஓட்டியவர். பெயிண்ட், சீட் எதையும் பார்க்கவில்லை. நேராக முன் டயர் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டு நுனியால் புழுதியைத் துடைத்தார். டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில் 0923. "ஒன்பதாவது வாரம், இருபத்துமூணு" என்றார். மற்ற மூன்று டயரும் அப்படியே. "டயர் பழைய ஸ்டாக்கா இருக்கும் சார், வண்டி புதுசு" என்றார் கூட வந்த மேனேஜர். அப்பா பேசாமல் கதவைத் திறந்து ஸ்டிக்கரில் இருந்த சேசிஸ் நம்பரைக் காட்டினார். பத்தாவது எழுத்து பி (P). அதாவது 2023.

அப்போது அந்த மேனேஜர் சொன்னதுதான் இன்னும் காதில் கேட்கிறது. "ரெஜிஸ்ட்ரேஷன் 2024-ல தான சார் ஆகப்போகுது, அதுல என்ன இருக்கு?"

அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது? நல்ல அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள்.

மதுரை மருமகள்

என்னுடையது சேசிஸ் நம்பர் வரைக்குமே போகவில்லை. என் சம்பளம், என் லோன், என் பெயரில் வண்டி. துணைக்குத் தம்பியைக் கூட்டிப் போனேன், கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். உள்ளே நுழைந்ததிலிருந்து அந்த சேல்ஸ் ஆள் அவனைப் பார்த்தே பேசினார். மைலேஜ், டார்க், டவுன் பேமெண்ட் எல்லாம் அவனிடம்தான். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவனுக்குத்தான் போனது. கலர் பற்றி மட்டும் என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ரெட் பிடிக்கும்ல?" என்றார்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டி வந்தது. சாவியை நீட்டினார், தம்பியிடம். அவனுக்கு லைசென்ஸே கிடையாது. அவன் "அக்காதான் ஓட்டும்" என்று சொன்ன பிறகும் அந்தக் கை என் பக்கம் வர ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடியை என்னால் மறக்க முடியவில்லை. வண்டி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அங்கே எடுக்க மனம் வரவில்லை.

அதே கம்பெனியின் வேறு டீலரிடம் போனேன். ஒரு பெண்தான் வந்து பேசினார். அவர் முதலில் கேட்டது "தினமும் எந்த ரூட்ல ஓட்டுவீங்க அக்கா?" என்றுதான். சிம்மக்கல், கீழவாசல் பக்கம் என்றதும், டர்னிங் ரேடியஸ் பற்றிச் சொல்லி, சீட்டின் உயரத்தை ஏற்றி உட்காரவைத்து, பானட் நுனி தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். டெலிவரி அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்தை அவரே எடுத்து வைத்தார். இன்றைக்கும் சர்வீஸில் ஏதாவது சந்தேகம் என்றால் அவருக்குத்தான் போன் போடுகிறேன்.

சேலம் முன்னாள் சேல்ஸ்

தாம்பரம் சார், போட்டோவில் விரலை வைத்து மறைத்தது தப்பு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் இந்த மாதிரி கதைகளில் எல்லோரும் கடைசியில் அந்த சேல்ஸ் பையனைத்தான் திட்டுகிறீர்கள். எந்த சேசிஸை யாருக்கு அலாட் பண்ணுவது என்பது அவன் கையில் இல்லை. டீலர் கம்பெனியிடமிருந்து வண்டியைக் கடனில் எடுத்து நிறுத்துகிறார். யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு வட்டி ஓடுகிறது. அதனால் பழையது முதலில் வெளியே போக வேண்டும் என்பது மேலிருந்து வரும் உத்தரவு. டிசம்பரில் தள்ளுபடி கொட்டுவதும் அதனால்தான், வருடம் மாறினால் அந்த வண்டியின் மதிப்பு குறைந்துவிடும். ஜனவரியிலும் மிச்சம் இருந்தால் அதைச் சொல்லி, விலையைக் குறைத்துத் தர வேண்டும். நியாயமான டீலர்கள் அப்படித்தான் தருகிறார்கள்.

எனக்கு மறக்காதது வேறு. ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், மனைவியோடு வந்தார். முழுப் பணமும் செக். பில் போடும் நேரத்தில் டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், சீட் கவர் என்று 38,000 ரூபாய்க்கு ஒரு சிலிப்பை என் கையில் கொடுத்து, "கம்பல்சரின்னு சொல்லு" என்றார்கள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "இது இல்லாம வண்டி தரமாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். "தருவோம்மா" என்று சொல்லிப் பேனாவால் மொத்தத்தையும் அடித்தேன். அடுத்த மாதம் என்னை ஷோரூம் விற்பனையிலிருந்து டெலிகாலிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டேன்.

மதுரை மருமகள்

சேலம் அண்ணா, நீங்கள் செய்தது பெரிய விஷயம். ஆனால் சாவியை யாரிடம் நீட்டுவது என்பதற்குமா மேலிருந்து உத்தரவு வருகிறது? அது அந்த ஆளின் புத்தி. அதை டார்கெட் தலையில் கட்டாதீர்கள்.

பீளமேடு

என் சண்டை இன்சூரன்ஸில். புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு) கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு) பெரும்பாலும் ஒரு வருடத்துக்குப் போடுவார்கள். ஷோரூம் கொட்டேஷனில் 52,000. அதே கம்பெனி, அதே ஐடிவி (காப்பீடு செய்யும் வண்டி மதிப்பு), அதே ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்), எஞ்சின் புரொடெக்ட் எல்லாம் வைத்து ஆன்லைனில் பார்த்தால் 36,000. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன்.

முதலில் "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றார்கள், அதாவது ரிப்பேர் பணத்தை முதலில் நாமே கட்ட வேண்டும் என்று. அது பொய். கேஷ்லெஸ் கிடைப்பது அந்த ஒர்க்‌ஷாப் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, யாரிடம் பாலிசி எடுத்தோம் என்பதைப் பொறுத்தது இல்லை. அப்புறம் "டெலிவரி பத்து நாள் தள்ளிப் போகும்" என்றார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுக்க வேண்டும் என்று அம்மா நாள் குறித்து வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடியில் புக் பண்ணி ஆவணியில் எடுப்பவர்களிடம் இந்தத் தேதியை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.

"இன்சூரன்ஸ் உங்களிடம் எடுக்காவிட்டால் டெலிவரி தள்ளிப்போகும் என்பதை மெயிலில் அனுப்புங்கள், அதை வைத்து 1915-க்குப் பேசிக்கொள்கிறேன்" என்றேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. மேனேஜர் உள்ளே போனார். திரும்பி வந்து 37,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அதாவது பதினாலாயிரத்துக்கு மேல் குறைக்க அவர்களால் முடிந்திருக்கிறது. கேட்காமல் கட்டியவர்கள் எத்தனை பேரோ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வெளியிலேயே எடுத்தேன். முகூர்த்தத்துக்கு வண்டி வீட்டில் நின்றது.

ஈரோடு மஞ்சள்

பீளமேடு நண்பரே, ஒரே பக்கமாகச் சொல்லாதீர்கள். நான் ஷோரூமில்தான் பாலிசி எடுத்தேன். பெருந்துறை ரோட்டில் பின்னால் ஒரு வேன் இடித்தபோது, அவர்களே சர்வேயரை வரவழைத்து, பேப்பர் எல்லாம் முடித்து, என்னை ஒரு தடவைகூட அலையவிடாமல் வண்டியைக் கொடுத்தார்கள். அந்த நிம்மதிக்கும் விலை உண்டு.

கும்பகோணம் கணக்கு

எல்லோரும் ஷோரூமைப் பேசுகிறீர்கள், வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நடந்தது சின்னது. டாப் வேரியண்டுக்கு மாறச் சொன்ன பையன் "முப்பதாயிரம்தான் சார் வித்தியாசம், இஎம்ஐ-ல தெரியவே தெரியாது" என்றான். கால்குலேட்டரை எடுத்து அவன் முன்னாலேயே தட்டிக் காட்டினேன், அவனுக்கே வாய் அடைத்துவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வண்டி பதிவு செய்யும்போது கட்டும் ஆயுள் வரியை 2023 நவம்பரில் மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எனக்குச் சொன்ன கீழ் வேரியண்ட் 9,90,000 ரூபாய். அதற்கு வரி 1,28,700. மேல் வேரியண்ட் 10,20,000. அதற்கு 1,83,600. முப்பதாயிரம் கூடுதல் விலைக்கு 54,900 ரூபாய் கூடுதல் வரி. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வாங்கிக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், இங்கே 10,200. அது நம் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். அதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லை என்றால் டீலரை விடாதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வேறு மாறிவிட்டது. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது தள்ளுபடி என்று சொன்னால், அது வரி குறைந்ததா, டீலர் குறைத்ததா என்று பிரித்துக் கேளுங்கள்.

கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேர்க்காத விலை) இருக்கிறது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் அப்படித்தான், 2019 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளுக்கு அது வண்டியோடு வர வேண்டியது. எக்ஸ்டெண்டட் வாரண்டியை டெலிவரி அன்றே எடுத்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். பல கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம், விதியைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாளையங்கோட்டை

கும்பகோணம் ஐயா சொன்ன கணக்கைக் குறித்துக்கொண்டேன். எனக்கு நடந்தது நல்ல அனுபவமா கெட்ட அனுபவமா என்று எனக்கே தெரியவில்லை.

பிடிஐ, அதாவது டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்துப் பார்க்க, சாயங்காலம் போனோம். வண்டி கழுவித் துடைத்து டியூப் லைட்டுக்குக் கீழே நின்றது, கண்ணாடி மாதிரி. சேல்ஸ் அண்ணன் போன் பேச வெளியே போனார். பிடிஐ பார்க்கும் பையன், இருபது வயது இருக்கும், சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து இடது பின் கதவில் சாய்த்து அடித்தான். ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சத்தை முன் கதவுக்குக் கொண்டுபோனான், மறுபடி பின் கதவுக்கு. பின் கதவில் மட்டும் ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப் பொடியாக மேடு தெரிந்தது. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை நகத்தால் விலக்கினான், உள்ளே பெயிண்ட் தெறித்த கோடு. யார்டிலோ, டிரெய்லரிலிருந்து இறக்கும்போதோ இடித்து மறுபடி அடித்திருக்கிறார்கள்.

"நான் காட்டுனேன்னு சொல்லாதிய அண்ணே. நீங்களே பாத்ததா சொல்லுங்க" என்றான்.

அப்படியே சொன்னேன். ஒரு வாக்குவாதமும் இல்லாமல் வேறு சேசிஸ் கொடுத்தார்கள். மேனேஜர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் முதல் சர்வீஸுக்குப் போனபோது அந்தப் பையன் அங்கே இல்லை. கேட்டேன், "நின்னுட்டான்" என்று மட்டும் சொன்னார்கள். என்னால்தான் நின்றானா, வேறு நல்ல வேலை கிடைத்துப் போனானா, யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. சேலம் அண்ணனின் கதையைப் படித்ததும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

சேலம் முன்னாள் சேல்ஸ்

பாளையங்கோட்டை சார், நல்ல பிடிஐ ஆளுக்கு வெளியே உடனே வேலை கிடைக்கும். பெயிண்ட் பார்க்கத் தெரிந்தவனை யூஸ்டு கார் கம்பெனிகள் விடுவதே இல்லை.

விழுப்புரம் 32

தாம்பரம் சார், பாதியில் விட்டுவிட்டீர்களே. அப்புறம் வண்டி கிடைத்ததா? எல்லா கம்பெனிக்கும் அந்தப் பத்தாவது எழுத்துதானா? அடுத்த மாதம் எடுக்கப் போகிறேன்.

தாம்பரம் வாசி

கிடைத்தது. லோன் கொடுத்த பேங்கில் டீலருக்குப் பணத்தை டிஸ்பர்ஸ் பண்ண வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் ஷோரூமில் பேச்சு மாறியது. பிப்ரவரியில் ஆர் எழுத்து போட்ட சேசிஸ் வந்தது.

பெரும்பாலும் பத்தாவது எழுத்துதான் வருடம். 2023 பி (P), 2024 ஆர் (R), 2025 எஸ் (S). மாதத்துக்கான எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை மட்டும் நம்பிச் சண்டை போடாதீர்கள். ஃபார்ம் 21 என்று விற்பனைச் சான்று இருக்கிறது, அதில் தயாரான மாதமும் வருடமும் எழுதியிருக்க வேண்டும். பேலன்ஸ் பணம் கட்டுவதற்கு முன்னால் சேசிஸ் நம்பர் முழுதாகத் தெரிகிற போட்டோ கேளுங்கள், அப்புறம் யார்டில் போய் நேரில் ஒத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். எந்த வண்டி பார்த்திருக்கிறீர்கள்?