புதுப் பெயிண்ட் சுவரில் ரோலர் கோடுகள், எப்படிப் போக்குவது?

கேள்வி: ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நீல எமல்ஷன் இரண்டு கோட் அடித்தாகிவிட்டது, நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சாயங்காலம் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பட்டை பட்டையாக ரோலர் கோடு. காயக் காயப் போய்விடும் என்றார் பெயிண்டர். போகவில்லை. கோடு தெரிகிற இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் போதுமா?

பதில்: போதாது. தொட்ட இடம் திட்டாகத் தெரியும், அடர் நிறத்தில் இன்னும் மோசம். மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் நிறுத்தாமல் அடிக்க வேண்டும், அடித்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதன்மேல் கொஞ்சம் ஏற வேண்டும், காய்ந்த பிறகு ஏறினால் அங்கே இரட்டைப் பூச்சாகிக் கோடு விழும். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு பதில்: அதற்கு முன் கையால் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு அடிக்கணும், இல்லையென்றால் புதுப் பூச்சிலும் அதே கோடுதான். காய்ந்த ரோலரை அழுத்தி உருட்டுவதால் வருகிற வினை இது, பெயிண்டை மிச்சம் பிடிக்கிறார்களாம்!

கேட்டவர்: தடிப்பு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு கலக்கலாம்?

பதில்: டப்பாவில் அச்சிட்டிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம். இரண்டு டப்பா என்றால் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிக்கொள்ளுங்கள், சில சமயம் டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும்.