புல்டோசர் நடவடிக்கை: நீதியா, வேடிக்கையா?

வைகறை:
ஒருவர் மீது வழக்குப் பதிவான மறுநாளே அவர் வீட்டைப் புல்டோசரால் இடிப்பதும், அதைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டுவதும் வாடிக்கையாகிவிட்டன. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. இடிக்கும் முன் 15 நாள் அவகாசம் தர வேண்டும், நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறும் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் இழப்பை ஈடுகட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வீடு இடிவதைப் பார்த்து எதற்குக் கைதட்டுகிறீர்கள்?

செங்கல்சூளை:
கைதட்டியவன்தான் நான், சொல்கிறேன். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், சாட்சி பல்டி அடிப்பார், குற்றவாளி ஜாமீனில் வந்து அதே தெருவில் மீசையை முறுக்குவான். பறிகொடுத்தவர்களுக்கு ஒரு நாளாவது நிம்மதி வேண்டாமா? அதோடு, இடிபட்டவை அனுமதியில்லாத கட்டடங்கள்தானே?

வைகறை:
அனுமதியில்லை என்றால் முந்தின நாள் வரை நகராட்சி எங்கே போயிருந்தது? அதே வரிசையில் அதே மாதிரி விதிமீறல் உள்ள வீடுகளைத் தொடாமல் ஒன்றை மட்டும் இடித்தால், உள்நோக்கம் தண்டிப்பதே என்று கருதலாம். இது தீர்ப்பிலேயே இருக்கிறது. அண்ணன் செய்த குற்றத்துக்குத் தங்கை ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

செங்கல்சூளை:
சாலை, நடைபாதை, ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
உண்மைதான், பொருந்தாது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜில் (அலகாபாத்) என்ன நடந்தது? 2021 மார்ச் 6 அன்று பதிவுத் தபால் கையில் கிடைத்தது, மறுநாள் வீடுகள் இல்லை. அதற்கு முந்தைய நோட்டீஸ்களெல்லாம் சுவரில் ஒட்டியவை. வீடிழந்தவர்களில் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பேராசிரியர். ஒரு தாதாவின் நிலம் என்று தவறாக நினைத்து இடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். 2025 ஏப்ரலில் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். செங்கல்சூளை அவர்களே, நீங்கள் கைதட்டியது எந்தக் குற்றவாளிக்கு எதிராக?

செங்கல்சூளை:
அந்த 10 லட்சத்தைக் கொடுப்பது, வீடுகளை இடித்த பிரயாக்ராஜ் வளர்ச்சி ஆணையம் என்ற அரசு அமைப்பு. அதாவது நம் வரிப்பணம். ஆணையிட்ட அதிகாரியின் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் போனதா?

வைகறை:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதிகாரியின் பெயரைக் கேட்டு வாங்காதவரை போகாது.

நிலாமுற்றம்:
அதனால்தான் தாள்களைக் காப்பாற்ற வேண்டும். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள்; அஞ்சல் முத்திரைத் தேதிதான் முதல் சாட்சி. சுவரில் ஒட்டினால் தேதி தெரியும்படி படமெடுங்கள். ஆணையில் கையெழுத்திட்டவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்குக் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் இடிப்புக்குத் தடை கேளுங்கள்.

செங்கல்சூளை:
எல்லாம் சரி. அன்றாடங்காய்ச்சி உயர் நீதிமன்றத்துக்கு எந்தப் பணத்தில் போவான்?

நிலாமுற்றம்:
1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். மனுவை வீட்டுப் பெண்ணின் பெயரிலும் போடலாம், அவரும் அங்கே குடியிருப்பவர்தானே.